ஞாயிறு நாலு மணிக் கூட்டம்

அமிர்தவள்ளி குடிக்கிறாள் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்ததாக ஒருத்தரும் காட்டிக்கொண்டதில்லை. ஆண்பிள்ளை குடித்தால் தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். பொம்பளை குடித்தால் என்ன செய்வது என்று ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன ஊருக்குத் தெரியவில்லை. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷமாக ஆம்பூருக்கு அருகே ஒரு ஷூ கம்பெனியில் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்துவிடும். ஷூவின் மேல்தோலுக்கு உள்பக்கம் லைனிங் ஒட்டுவதுதான் நாள் முழுக்க அவளுக்கு. ஒட்டுகிற பசையை அங்கே சொல்யூஷன் என்பார்கள். அதன் நெடி ஒருமுறை உடம்பில் ஏறினால் வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. அந்த நெடிதான் அவளை இத்தனை வருஷம் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வாயில் எந்த வாசனை அடித்தாலும் பழி சொல்யூஷன் மேல் போய்விடும்.

ஆரம்பம் ஒன்றும் பெரிய கதையில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்றாம் மாசமே வேலைக்குத் திரும்பினாள். இடுப்பு இரண்டாகக் கழன்றுவிடும் போல வலி. கூட வேலை செய்த ஒருத்தி, "கொஞ்சம் ஊத்திக்கோக்கா, மரக்கட்ட மாதிரி தூங்கலாம்" என்று ஒரு குவார்ட்டர் பாட்டிலைத் துணிப்பையில் சுருட்டிக் கொடுத்தாள். அமிர்தவள்ளி தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை அவள் அதுவரை கண்டதில்லை. ஒரு வருஷத்துக்குள் இடுப்பு வலி போய்விட்டது, பாட்டில் போகவில்லை. பக்கத்து ஊரில் வீட்டில் வைத்து விற்கிற ஆளிடம் வாங்கினாள். யூரியா மூட்டைக்குள் ஒளித்தாள். மகள் எழிலரசி திருப்பத்தூரில் நர்சிங் படிக்கப் போய், லீவுக்குக்கூட வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

புருஷன் பச்சையப்பன் பீடிகூடத் தொடாத ஆள். இரண்டு ஏக்கர் நிலத்தில் வேர்க்கடலை, கொஞ்சம் நெல். அதிகம் பேசமாட்டான். ஆரம்பத்தில் ஒருமுறை அவளை அடித்தான். அதற்கு அவனே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதற்குப் பிறகு கை ஓங்கியதும் இல்லை, கேள்வி கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கடலை பிடுங்குகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை. பச்சையப்பன் காலையிலேயே நிலத்துக்குப் போய்விட்டான். "பத்து மணிக்கு கூழ் எடுத்துனு வர்றேன்" என்று சொல்லியிருந்தவள் பத்து மணிக்குப் பாட்டிலைத் திறந்தாள். கண் விழித்தபோது சாயங்காலம் ஐந்து. போனில் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் அவனுடையது.

கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்திருந்தது. வரப்பில் உட்கார்ந்தபடி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் அடுத்த நிலத்துக்காரர் பார்த்து, பைக்கில் நடுவில் உட்காரவைத்து அணைக்கட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்.

அமிர்தவள்ளி அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. கையில் ட்ரிப்ஸ். அவளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா?"

அந்த ஒரு சொல்லை அவளால் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்துக்கு நேரே ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. "குடியை நிறுத்த முடியவில்லையா? எங்களாலும் முடியவில்லை. வாருங்கள், பேசலாம்." கீழே ஒரு போன் நம்பர். நிறுத்திக் காட்டுகிறோம் என்று சொல்லும் விளம்பரங்களை அவள் நிறைய பார்த்திருக்கிறாள். எங்களாலும் முடியவில்லை என்று எழுதி ஒட்டிய ஆட்களை இப்போதுதான் பார்க்கிறாள். மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் நம்பரை எழுதிக்கொண்டாள்.

ஒன்பது நாள் அந்தச் சீட்டு ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. பத்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் தோல் துண்டு மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு போன் போட்டாள். எடுத்தது ஒரு ஆண்குரல்.

"வணக்கம், சொல்லுங்க."

"டீக்கடையாண்ட இந்த நம்பரு பாத்தேன்..."

"நல்லதும்மா. யாருக்கு, வீட்டுக்காரருக்கா? புள்ளைக்கா?"

கட் செய்துவிடலாமா என்று கட்டைவிரல் தானாக நகர்ந்தது. எப்படியோ வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு."

சிரிக்கப்போகிறான், இல்லை அட்வைஸ் செய்யப்போகிறான் என்று நினைத்தாள்.

"எத்தினி வருஷமாம்மா கஷ்டப்படுறீங்க?"

எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்று கேட்கவில்லை. அமிர்தவள்ளி போனைக் காதில் அழுத்திக்கொண்டு தோல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆளின் பெயர் சம்பத். வேலூரில் ஆட்டோ ஓட்டுகிறாராம், குடியை விட்டுப் பதினாலு வருஷமாம். "திடீர்னு நிறுத்திடாதீங்க, உடம்பு தாங்காது. எனக்கு ஃபிட்ஸே வந்துச்சு. முதல்ல டாக்டரப் பாருங்க, மாத்திர குடுப்பாரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வாங்க" என்று தோட்டப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழி சொன்னார்.

டாக்டரைப் பார்த்தாள். மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கை நடுக்கத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் பஸ் ஏறினாள். வீட்டில் இன்னும் கால் கட்டோடு இருந்த பச்சையப்பனிடம், "வேலூர் வரிக்கும் போய்ட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகள் திறந்திருந்தன. வராந்தாவில் நின்ற ஒரு பெண் இவளைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்கன்னா இந்த ரூம்தான்க்கா" என்று கை காட்டினாள். உள்ளே பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தவள்ளிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனை பொம்பளைகள் குடிக்கிறார்களா! நாம் தனி ஆளில்லையா! ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். இரண்டாவது ஆள் பேசும்போதே விஷயம் புரிந்துவிட்டது. இது குடிப்பவர்கள் இருக்கிற அறையில்லை. குடிக்கிறவர்களுடைய பெண்டாட்டிகளும் அம்மாக்களும் கூடுகிற அறை. குடிக்கிறவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். எழுந்து போக வேண்டும். எப்படி எழுந்திருப்பது, எழுந்தால் என்னவென்று சொல்வது என்று தவித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அம்பிகா என்ற சின்ன வயதுப் பெண் பேச ஆரம்பித்தாள். புருஷன் லாரி டிரைவர்.

"அவரு தூங்கினா எனக்குத் தூக்கம் வராதுக்கா. விடியக்காலைல எழுந்து மூக்குகிட்ட கைய வச்சிப் பாப்பேன். மூச்சு வருதா, இல்ல போய்ட்டாரான்னு. சூடா காத்து கையில பட்டாதான் நான் போய் வாசல் தெளிப்பேன்."

அமிர்தவள்ளி சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

விடியற்காலையில் முகத்துக்கு நேரே ஒரு கை. எத்தனையோ நாள் அவள் அப்படிக் கண் விழித்திருக்கிறாள். பச்சையப்பனின் கை. மண் வெடிப்பு விட்ட, கடலைச் செடி வாசனை அடிக்கிற கை. வாசனை பிடிக்கிறான், வேவு பார்க்கிறான் என்று அதைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கிறாள். "மோந்து பாக்கிறியா, நாயா நீ?" என்றுகூட ஒரு நாள் கேட்டாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

பத்துப் பதினைந்து நிமிஷம் யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேசிய ஒவ்வொருத்தியின் முகத்திலும் அவளுக்குப் பச்சையப்பன் தெரிந்தான். பாட்டிலைத் தேடி எடுத்துத் தண்ணீர் கலந்து திரும்ப வைத்தவள், கல்யாண வீட்டுக்குப் போகாமல் காய்ச்சல் என்று பொய் சொன்னவள், மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனை வைத்தவள். எல்லாம் அவன் செய்ததுதான். அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத எட்டு வருஷத்தை முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஹலீமா பீ. அறுபது வயதைத் தாண்டியவர், கறுப்பு புர்காவில். மெதுவாகக் கேட்டார்: "புதுசாம்மா? உன் வீட்டுக்காரர் ஜாஸ்தி குடிக்கிறாரா?"

"அவரு குடிக்கிறதில்லம்மா" என்றாள் அமிர்தவள்ளி. மற்றவர்களும் திரும்பினார்கள். "நான்தான் குடிக்கிறேன். தெரியாம இந்த ரூமுக்கு வந்துட்டேன்."

இப்போது எழுந்து ஓடவேண்டியதுதான் என்று செருப்பைக் காலால் தேடினாள். இத்தனை நேரம் குடிகாரர்களால் பட்டதைச் சொல்லி அழுதவர்கள். கையில் கிடைத்த குடிகாரியை என்ன செய்தாலும் தகும்.

ஹலீமா பீ எழுந்து அவள் கையைப் பிடித்தார். "நல்ல வேள வந்த. என் புள்ள இன்னும் அந்த ரூம் வாசல்லகூட கால் வைக்கல. ஒம்போது வருஷமா நான் இங்க வர்றேன். நீயாவது வந்தியே. வா பேட்டி, வா மகளே." இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருபது அடி வராந்தா. அந்த இருபது அடியும் அவர் கையை விடவில்லை.

பக்கத்து அறையில் முழுக்க ஆண்கள். கதவருகே பொம்பளையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வேட்டிகள், பேன்ட்டுகள், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் கறை படிந்த விரல்கள், ஓரத்தில் ஒரு வக்கீல் மாதிரி வெள்ளைச் சட்டை. ஒல்லியான ஒருத்தர் எழுந்து வந்தார்.

"போன்ல பேசினவங்களா? நான்தான் சம்பத். ஒக்காருங்கம்மா."

மொத்த வட்டமும் நாற்காலிகளைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது. ஒருத்தரும் முறைக்கவில்லை. இளிக்கவும் இல்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். பாட்டிலை அரிசி டிரம்முக்குள் ஒளித்தது, அரிசி அளக்கப் போன மருமகள் கையில் அது சிக்கியது, "எலிக்கு வச்ச மருந்து" என்று அவர் சத்தியம் செய்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அமிர்தவள்ளி யூரியா மூட்டையை நினைத்துக்கொண்டாள். அந்தத் தந்திரமெல்லாம் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று எண்ணியிருந்தாள். யாரோ மண்டைக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது.

அவள் முறை வந்தது. "வேணும்னா பேசலாம், வேணாம்னா வணக்கம் சொன்னாலே போதும்" என்றார் சம்பத்.

"என் பேரு அமிர்தவள்ளி" என்றாள். மற்றவர்கள் எல்லாம் 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொன்னதைக் கேட்டிருந்தாள். குடிகாரி தெரியும். நோயாளி என்பது புதுசாக இருந்தது. அந்த வார்த்தை அன்றைக்கு அவள் நாக்கில் ஏறவில்லை. "நான் குடிக்கிறவ" என்று முடித்துக்கொண்டாள்.

"வணக்கம் அமிர்தவள்ளி!"

இருபது ஆண்குரல்கள் ஒன்றாக. கோவிலில் மணி அடிக்கும்போது அடிவயிற்றில் ஏதோ அதிருமே, அப்படி இருந்தது அவளுக்கு. அவள் பெயருக்கு யாராவது வணக்கம் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. பச்சையப்பன் பாம்பு கடித்த காலை நீட்டிக்கொண்டு களத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தான். எதிரே போய் உட்கார்ந்து அவளும் ஒரு கற்றையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"காலைல என் மூக்காண்ட கைய வச்சிப் பாப்பியே. எதுக்கு?"

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூச்சு இருக்குதான்னு."

"எத்தினி வருஷமா?"

"அது ஆவும் ஒரு ஆறு வருஷம்." அடுத்த கற்றையை எடுத்துக்கொண்டே, "இன்னிக்கும் பாத்தேன்" என்றான்.

அமிர்தவள்ளி கற்றையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் உரித்த நாலு பச்சைக் கடலையை அவள் கையில் வைத்தான். அன்றைக்குத்தான் வேலூருக்கு எதற்குப் போனாள் என்று அவனிடம் சொன்னாள்.

அதோடு சரியாகிப்போயிற்று என்று சொன்னால் அது பொய். எழுபத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். தை மாசம் திருப்பத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போன இடத்தில், பின்கட்டில் யாரோ கிளாஸை நீட்டினார்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று வாங்கினாள். மூன்று நாள் என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. எழிலரசி ஹாஸ்டலிலிருந்து வந்து அவளை ஆட்டோவில் ஏற்றினாள் என்பது மட்டும் தெரியும். வழியெல்லாம் மகள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

இனி அந்தக் கூட்டத்துக்கு எந்த முகத்தோடு போவது? போகவில்லை. இரண்டு ஞாயிறு கழிந்தன. மூன்றாவது ஞாயிறு பச்சையப்பன் அவள் புடவையை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அமிர்தம்" என்றான்.

போனாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "எழுவத்திரண்டு நாள் இருந்தேன். அப்புறம் குடிச்சிட்டேன். இன்னிக்கு எனக்கு மறுபடி மொத நாள்."

கைதட்டல் கேட்டது. கேலி செய்கிறார்கள் என்று வெடுக்கென்று நிமிர்ந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. அரிசி டிரம் மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். "நான் அஞ்சு தடவ திரும்பி வந்தவன்மா" என்றார். "போனவங்க நெறைய பேரு. திரும்பி வந்தவங்க கம்மி." சம்பத் டீ கிளாஸை நீட்டினார். தோற்றுப்போனவளுக்குக் கை தட்டுகிற இடம் ஒன்று இந்தப் பூமியில் இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். அந்த டீயை அவள் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அன்றைக்கு, கூட்டம் முடிவதற்குள், 'நான் ஒரு குடிநோயாளி' என்று முதல் முறையாக முழுசாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் குடிக்கவில்லை. ஆசை போய்விட்டது என்பதல்ல. சொல்யூஷன் நெடியே சில நாள் நாக்கை ஊறவைக்கும். அப்படிப்பட்ட நாளில் சாப்பாட்டு நேரத்தில் சம்பத்துக்குப் போன் போடுவாள். சில நேரம் அவர் சவாரியில் இருப்பார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்மா, நாளைக்கி கதைய நாளைக்கிப் பாக்கலாம், பேஜார் பண்ணிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அது போதும்.

சித்திரை மாசத்தில் ஒரு ஞாயிறு அவள் கிளம்பும்போது பச்சையப்பனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"நீ எங்கய்யா?"

"அந்தப் பக்கத்து ரூம்னு சொன்னியே. ஆம்பளைங்க போலாமா அதுக்கு?"

அவளுக்கே தெரியவில்லை. வராந்தாவில் ஹலீமா பீயிடம் கேட்டாள். ஹலீமா பீ பச்சையப்பனை மேலும் கீழும் பார்த்தார். அவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "குடிக்கிறவங்க வீட்டுல இருக்கிறவங்க யாரா இருந்தா இன்னா? உள்ள வாங்க தம்பி" என்று அவனையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பதிமூன்று பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆண். இந்தப் பக்கம் இருபது ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண். நடுவில் ஒரு சுவர்.

அன்றைக்கு அமிர்தவள்ளிக்கு இந்த அறையில் ஒரு சொல் காதில் ஏறவில்லை. காது முழுக்கச் சுவரில் இருந்தது. அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் குரல். மெல்ல ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்தது. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. ஆனால் பேசிக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த ஆளுக்குள் இத்தனை வார்த்தைகள் இருந்தனவா! கடைசியில் பெண்கள் எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான். சம்பத் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். அணைக்கட்டு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு முடியவில்லை.

"அங்க இன்னாய்யா சொன்ன? எதுக்கு அப்டி சிரிச்சாங்க?"

பச்சையப்பன் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டான்.

"உள்ள பேசினத வெளிய சொல்லக்கூடாதாம். ஹலீமா பீ கண்டிசனா சொல்லியிருக்காங்க."

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"பொண்டாட்டிகிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாதாம்."

அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.